மார்கரெட் வேட் அம்மையார்

பனங்கொட்டையை ஊன்றுபவன் அதன் பயனைத் தானே காண்போம் என்று எண்ணி ஊன்றுவதில்லை. அது முளைத்து, வளர்ந்து, நுங்கும் பழமும் தரப் பல்லாண்டுகள் ஆகும். ஆயினும், தனக்குப் பின் வருவோர்க்கு அது பயன்படும் என்னும் நம்பிக்கையால் அவன் அதனை ஊன்றுகின்றான். உலகில் நிகழ்ந்த நற்செயல்கள் பலவும் இவ்வாறு பிறர்பொருட்டுப் பொறுத்திருந்தோரால் நிகழ்ந்தனவே ஆகும். சிலர்க்கு மட்டும், தாம் ஊன்றிய பனை பழுத்ததைத் தம் கண்ணாலேயே காணும் பேறு வாய்க்கின்றது. அத்தகைய பேறு பெற்றவருள் ஒருவர், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றிய மார்கரெட் வேட் அம்மையார் ஆவார்.

அவர் நாடாண்டவர் அல்லர். நூல் இயற்றிப் புகழ் கொண்டவர் அல்லர். இளமையில் கூடைப்பந்து ஆடினார். தாம் ஆட இயலாத காலத்தில் அதனைப் பிறர்க்குக் கற்பித்தார். இவையே அவர் செய்த செயல்கள். ஆயினும், மகளிர்க்கு அடைக்கப்பட்ட ஒரு கதவின் முன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பொறுத்திருந்து, அது திறந்த அன்று முதலில் உட்புகுந்து, தம் பின்னே பலரையும் அழைத்துச் சென்றவர் என்னும் சிறப்பு அவர்க்கு உண்டு. அவர்தம் வரலாற்றை இப்பாடத்திற் காண்போம்.

கூடைப்பந்தின் தோற்றம்

விளையாட்டுகள் பல, யாரால் எப்பொழுது தொடங்கப்பெற்றன என்று அறிய இயலாத பழமை உடையவை. கூடைப்பந்து அத்தகையது அன்று. 1891-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சார்ந்த ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் அதனை வகுத்தார். பனி பெய்யும் காலத்தில் வெளியிற் சென்று ஆட இயலாத மாணவர்க்குக் கூரையின்கீழ் ஆடத்தக்க விளையாட்டு ஒன்று வேண்டியிருந்தது. ஆதலின், பழம் இடும் கூடைகள் இரண்டினைப் பத்தடி உயரத்தில் கூடத்தின் இரு புறமும் கட்டி, பந்தை அவற்றுள் இடுமாறு அவர் செய்தார். பக்கத்துக்கு ஒன்பதின்மராகப் பதினெண்மர் முதன்முதல் அதனை ஆடினர்.

மறு ஆண்டே அவ்விளையாட்டு மகளிரையும் அடைந்தது. அதே மாநிலத்தில் உள்ள ஸ்மித் மகளிர் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த செண்டா பெரன்சன் அம்மையார், 1892-ஆம் ஆண்டில் தம் மாணவியர்க்கு அதனைக் கற்பித்தார். அக்காலத்தில் பெண்கள் ஓடுவதும் தாவுவதும் நாகரிகம் அல்ல என்று கருதப்பட்டமையால், அவர் விதிகள் சிலவற்றை மாற்றினார். களத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்தார். ஒரு பகுதியில் நிற்கும் பெண் மறு பகுதிக்குச் செல்லலாகாது என்றார். பிறர் கையில் உள்ள பந்தைப் பறித்தலையும் விலக்கினார். 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அக்கல்லூரியின் இரு வகுப்பு மாணவியர் தம்முள் ஆடிய ஆட்டத்தைக் காண ஆடவர் அனுமதிக்கப்படவில்லை. இவ்வளவு கட்டுப்பாடுகளுக்கு இடையிலும் அவ்வாட்டம் மகளிர் உள்ளத்தைக் கவர்ந்தது. சில ஆண்டுகளில் நாட்டின் பல பகுதிகளிலும் பெண்கள் அதனை ஆடத் தலைப்பட்டனர்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் மிசிசிப்பி என்னும் மாநிலம் உள்ளது. அம்மாநிலத்தின் மெக்கூல் என்னும் சிற்றூரில் 1912-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் மார்கரெட் வேட் பிறந்தார். லில்லி மார்கரெட் வேட் என்பது அவர்தம் முழுப்பெயர். அவர் வளர்ந்ததும், வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்ததும் அதே மாநிலத்தைச் சார்ந்த கிளீவ்லந்து என்னும் ஊரிலே ஆகும். ஒகையோ மாநிலத்தில் இதே பெயருடைய பெருநகரம் ஒன்று உண்டு. இவ்வூர் அதனின் வேறாகிய ஒரு சிறு நகரம்.

கிளீவ்லந்து அமைந்துள்ள நிலப்பகுதியை மக்கள் டெல்டா என்று வழங்குவர். மிசிசிப்பி ஆறும் யாசூ ஆறும் காலங்காலமாக வண்டல் கொணர்ந்து நிரப்பிய சமவெளி அது. கண்ணுக்கு எட்டிய தொலைவுவரை பருத்தி விளையும் நிலம். அந்நிலத்தில் ஆணும் பெண்ணும் கதிரவன் எழுவதற்கு முன்னரே வயலில் இறங்கிப் பொழுது சாயும்வரை உழைத்தனர். செல்வம் சிலரிடத்தும் உழைப்பு பலரிடத்தும் இருந்த நாடு அது.

மார்கரெட் கிளீவ்லந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்றபொழுதே கூடைப்பந்தில் தேர்ந்தார். அவ்வூரில் ஆசிரியர்களை உருவாக்கும்பொருட்டு 1925-ஆம் ஆண்டு முதல் டெல்டா ஸ்டேட் ஆசிரியர் கல்லூரி நடைபெற்று வந்தது. அங்கே மகளிர்க்கெனக் கூடைப்பந்து அணி ஒன்று இருந்தது. பள்ளிப் படிப்பை முடித்த மார்கரெட் அக்கல்லூரியிற் சேர்ந்து, அணியில் இடம் பெற்றார். மூன்று பருவங்கள் ஆடினார்; அணித் தலைவியாகவும் விளங்கினார். கல்லூரியின் சிறந்த ஆட்டக்காரி என்று அவரை யாவரும் மதித்தனர். இன்னும் ஒரு பருவம் எஞ்சியிருந்தது.

கலைக்கப்பட்ட அணி

அந்தப் பருவம் வரவே இல்லை. 1932-ஆம் ஆண்டில் கல்லூரியினர் மகளிர் கூடைப்பந்து அணியைக் கலைத்துவிட்டனர். அணி தோற்றுவிட்டது என்பதோ, மாணவியர் தவறிழைத்தனர் என்பதோ அதற்குக் காரணம் அன்று. அவ்விளையாட்டு இளம் பெண்களின் உடலுக்கு மிகக் கடுமையானது என்பதே கூறப்பட்ட காரணம்.

அக்கல்லூரி ஒன்றுமட்டும் இவ்வாறு செய்தது என்று எண்ணுதல் கூடாது. 1923-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் உடற்பயிற்சிக் கல்வியில் ஈடுபட்ட பெண்மணிகள் பலரும், கல்லூரிக்கும் கல்லூரிக்கும் இடையே மகளிர் போட்டிகள் நடத்தலாகாது என்று கூறி வந்தனர். அவர்தம் நோக்கம் முற்றிலும் தீயது அன்று. திறமை மிக்க சிலர் மட்டும் ஆட ஏனையோர் வேடிக்கை பார்ப்பதனினும், எல்லாப் பெண்களும் இன்பமாக விளையாடுவதே நன்று என்பது அவர் கருத்து. ஆனால், நல்லெண்ணமும் சில வேளைகளில் விலங்காகிவிடும். பலர் விளையாட வேண்டும் என்று தொடங்கிய கொள்கை, திறமையுடையோர் தம் திறமையின் எல்லையைக் காண இயலாதவாறு செய்துவிட்டது.

கடுமையானது என்னும் காரணத்தையும் சிறிது எண்ணிப் பார்க்கவேண்டும். அதே கிளீவ்லந்தைச் சூழ்ந்த பருத்தி வயல்களில், அதே ஆண்டில், பெண்கள் கொளுத்தும் வெயிலிற் குனிந்து நாள் முழுதும் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தனர். அவ்வுழைப்பு பெண்ணுடலுக்குக் கடுமையானது என்று கூறி எவரும் அதனை நிறுத்தவில்லை. பிறர்க்கு வருவாய் தரும் உழைப்பு பெண்ணுக்கு ஏற்றது என்றும், தனக்கு மகிழ்ச்சி தரும் உழைப்பு அவளுக்கு ஏலாதது என்றும் கொள்வது எவ்வாறு முறையாகும்?

மார்கரெட்டும் அவர்தம் தோழியரும் அழுதனர். தாம் அணிந்து ஆடிய சீருடைகளைத் தீயிலிட்டு எரித்தனர். அதற்குமேல் அவர்களாற் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. முறையிடுவதற்கு ஒரு மன்றம் இல்லை. காட்டுவதற்கு ஒரு சட்டம் இல்லை. பத்தொன்பது அகவை நிரம்பிய அப்பெண், ஆட்டம் இல்லாத இறுதி ஆண்டைப் படிப்பிற் கழித்து, 1933-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார்.

ஆசிரியப் பணி

கல்லூரியை விட்டு நீங்கிய மார்கரெட் கூடைப்பந்தை விட்டு நீங்கவில்லை. டூப்பெலோ என்னும் ஊரில் இயங்கிய மகளிர் அணி ஒன்றில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆடினார். முழங்காலில் நேர்ந்த ஊறு அவ்வாட்டத்திற்கும் முற்றுப்புள்ளி வைத்தது. கல்லூரியின் ஆணை ஒருபுறம், உடலின் ஊறு மறுபுறம் என இரண்டு தடைகள் அவர் களம் இறங்குவதைத் தடுத்துவிட்டன. அப்பொழுது அவர்க்கு இளம் அகவைதான்.

இத்தகைய நிலையில் மனம் கசந்து வேறு வழியிற் செல்வோர் பலர். மார்கரெட் அவ்வாறு செய்யவில்லை. தாம் இழந்ததைத் தம் மாணவியர் இழக்கலாகாது என்று கருதினார் போலும், ஆசிரியப் பணியை மேற்கொண்டு பள்ளிச் சிறுமியர்க்குக் கூடைப்பந்து கற்பிக்கத் தொடங்கினார். கல்லூரிகள் பலவும் மகளிர் போட்டிகளைக் கைவிட்ட அக்காலத்திலும், தென்பகுதியின் சிற்றூர்ப் பள்ளிகள் சிறுமியர் கூடைப்பந்தைக் கைவிடவில்லை. பருத்தி நாட்டு மக்கள் தம் மகளிர் ஆடுவதை மாலை வேளைகளிற் கூடிநின்று கண்டு மகிழ்ந்தனர். பெரிய இடங்களில் அணைந்த விளக்கு சிறிய இடங்களில் எரிந்துகொண்டிருந்தது.

தாம் பயின்ற கிளீவ்லந்து உயர்நிலைப் பள்ளிக்கே மார்கரெட் ஆசிரியையாகவும் பயிற்சியாளராகவும் திரும்பி வந்தார். 1954-ஆம் ஆண்டுவரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அங்கே பணியாற்றினார். அவர் பயிற்றிய அணி அக்காலத்தில் 453 ஆட்டங்களில் வென்றது. 89 ஆட்டங்களில் தோற்றது. 6 ஆட்டங்கள் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. ஓராண்டு வெற்றி நற்பேற்றால் வரலாம். இருபது ஆண்டு வெற்றி அவ்வாறு வருவதில்லை. ஆண்டுதோறும் பழைய மாணவியர் நீங்குவர். புதிய சிறுமியர் வருவர். ஒவ்வோராண்டும் பந்தைப் பற்றும் முறையிலிருந்து தொடங்கிக் கற்பித்தல் வேண்டும். அதனைச் சலியாது செய்தவர்க்கே இத்தகைய கணக்கு வாய்க்கும்.

ஆனால், இவ்வெற்றியின் ஊடே ஒரு துயரமும் இருந்தது. நன்கு பயின்று தேர்ந்த மாணவி பள்ளிப் படிப்பை முடித்ததும் அவள் ஆட்டமும் முடிந்துவிடும். அவள் சென்று ஆடத்தக்க அணி, அவ்வூரில் இருந்த கல்லூரியில் இல்லை. தாம் சென்று மோதிய அதே சுவரில் தம் மாணவியரும் ஆண்டுதோறும் சென்று மோதுவதை அவ்வாசிரியை கண்டார்.

1959-ஆம் ஆண்டில் வேட் அம்மையார் டெல்டா ஸ்டேட் கல்லூரியின் உடற்கல்வித் துறையில் ஆசிரியையாகச் சேர்ந்தார். தம் அணியைக் கலைத்த அதே கல்லூரியில், அணி இல்லாத ஆசிரியையாக அவர் பதினான்கு ஆண்டுகள் பணிபுரிந்தார்.

காலம் மாறியது

காலம் மெல்ல மாறத் தொடங்கியது. மகளிர் கூடைப்பந்தின் விதிகளை வகுத்தோர் அவற்றைத் திருத்தினர். ஆட்டக்காரியர் களத்தின் ஒரு பகுதியிலேயே நிற்கவேண்டும் என்னும் பழைய கட்டு அவிழ்ந்தது. 1971-ஆம் ஆண்டு முதல் கல்லூரி மகளிரும் ஆடவரைப் போலப் பக்கத்துக்கு ஐவராக நின்று களம் முழுதும் ஓடி ஆடலாயினர். கல்லூரி மகளிர் விளையாட்டுகளை நடத்துதற்கெனத் தோன்றிய சங்கம் 1972-ஆம் ஆண்டில் முதல் தேசியப் போட்டியை நடத்தியது. அதே ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், அரசின் பொருளுதவி பெறும் எந்தக் கல்வி நிலையமும் ஆண் பெண் என்னும் வேற்றுமை காட்டி எவரையும் விலக்கலாகாது என்னும் சட்டம் நிறைவேறியது. விளையாட்டு என்னும் சொல்லே அச்சட்டத்தின் அவ்விதியில் இல்லை. ஆயினும், கல்வி நிலையங்களின் விளையாட்டுக் களங்களை அது மகளிர்க்குத் திறந்துவிட்டது. 1932-ஆம் ஆண்டில் மார்கரெட்டும் தோழியரும் காட்டுதற்கு இல்லாதிருந்த சட்டம், நாற்பது ஆண்டுகள் கழித்து வந்தது.

1973-ஆம் ஆண்டில் டெல்டா ஸ்டேட் கல்லூரி மகளிர் கூடைப்பந்து அணியை மீண்டும் அமைக்கத் துணிந்தது. பயிற்சியாளர் ஒருவர் வேண்டியிருந்தார். அணி கலைந்த நாளில் அதன் தலைவியாக இருந்தவர் அக்கல்லூரியிலேயே இருந்தார். அப்பொழுது வேட் அம்மையார்க்கு அகவை அறுபது. ஓய்வு பெறுதற்குரிய பருவம் அது. பயிற்சியாளராகப் பணியாற்றுவதை அவர் நிறுத்தியே பத்தொன்பது ஆண்டுகள் கடந்திருந்தன. ஆயினும் அவர் அழைப்பை ஏற்றார்.

புதிய அணி

வேட் அம்மையாரின் அணி பெருநகரங்களிலிருந்து திரட்டப்பட்டது அன்று. மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூர்ப் பெண்களே அதன் உயிர்நாடி. அவருள் தலைசிறந்தவர் லூசியா ஹாரிஸ் என்பவர். மிண்டர் சிட்டி என்னும் ஊரில், உழைத்துப் பிழைக்கும் கறுப்பினக் குடும்பம் ஒன்றில், பதினொரு மக்களுள் பத்தாவதாகப் பிறந்தவர் அவர். உயரம் ஆறடி மூன்றங்குலம். டெல்டா ஸ்டேட் கல்லூரி நெடுங்காலம் வெள்ளையர்க்கு மட்டுமே உரியதாய் இருந்தது. மகளிர்க்கு அடைக்கப்பட்டிருந்த கதவு போலவே, கறுப்பினத்தவர்க்கு அடைக்கப்பட்டிருந்த கதவும் அங்கே திறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அணியில் கறுப்பினப் பெண் அவர் ஒருவரே. அவ்வணியின் நடுநாயகமாக நின்று ஆடியவரும் அவரே.

அதே அணியில் டெப்பி பிராக் என்னும் பெண்ணும் ஆடினார். அவர் உயரம் நாலடி பதினோரங்குலமே. ஆறடிக்கு மேல் உயர்ந்தவரும் ஐந்தடியை எட்டாதவரும் ஒரே அணியில் தோளொடு தோள் நின்றனர். நெட்டையான பெண் கூடைக்கு அருகில் நிற்க, குட்டையான பெண் பந்தைக் கொண்டு களத்தில் விரைந்தார். உடலின் அமைப்பு எதுவாயினும் அதற்குரிய இடம் ஒன்று ஆட்டத்தில் உண்டு என்பதை அறிந்து, அவ்விடத்தை அவரவர்க்கு அளிப்பதே பயிற்சியாளரின் திறம். வேட் அம்மையார் அத்திறம் கைவரப் பெற்றவர்.

மூன்று வாகைகள்

அணி ஆடிய முதற் பருவத்திலேயே 16 ஆட்டங்களில் வென்று, 2 ஆட்டங்களில் மட்டுமே தோற்றது. அடுத்த பருவம் 1974-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கியது. அப்பருவத்தில் அவ்வணி ஆடிய 28 ஆட்டங்களிலும் வென்று ஒன்றிலும் தோலாது நின்றது.

அப்பருவத்தின் இறுதிப் போட்டி 1975-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வர்ஜீனியா மாநிலத்தின் ஹாரிசன்பர்க்கில் நடைபெற்றது. அதில் எதிர்த்து நின்றவர் இம்மாக்குலாட்டா கல்லூரியினர். பிலடெல்பியா நகருக்கு அருகில், கிறித்தவத் துறவியரால் நடத்தப்பட்ட சிறு கல்லூரி அது. ஆயினும் 1972, 1973, 1974 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தேசிய வாகையைச் சூடியவர் அவரே. புதிதாய்த் தோன்றி இரண்டு பருவமே ஆன டெல்டா ஸ்டேட் அணி அவரை 90-க்கு 81 என்னும் புள்ளிகளில் வென்றது. பெண்களுக்குக் கடுமையானது என்று கூறி அணியைக் கலைத்த கல்லூரி, அப்பெண்களாலேயே நாட்டின் முதலிடத்தைப் பெற்றது.

1976-ஆம் ஆண்டில் அவ்விரு கல்லூரிகளே மீண்டும் இறுதிப் போட்டியில் எதிர்த்து நின்றன. இம்முறையும் டெல்டா ஸ்டேட் அணி 69-க்கு 64 என்று வென்றது. 1977-ஆம் ஆண்டின் இறுதிப் போட்டியில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தை 68-க்கு 55 என்று வென்று, தொடர்ந்து மூன்றாம் முறையாக வாகை சூடியது. அம்மூன்று பருவங்களிலும் சேர்த்து அவ்வணி வென்ற ஆட்டங்கள் 93, தோற்றவை 4. இடையில் தோல்வியே காணாது தொடர்ந்து 51 ஆட்டங்களில் வென்றமையும் குறிப்பிடத்தக்கது.

இவ்வெற்றிகளின் நிழல் கடல்கடந்தும் விழுந்தது. 1976-ஆம் ஆண்டு கனடா நாட்டின் மாண்ட்ரியால் நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவில் மகளிர் கூடைப்பந்து முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அமெரிக்க அணியில் இடம்பெற்ற லூசியா ஹாரிஸ், ஒலிம்பிக் மகளிர் கூடைப்பந்து வரலாற்றின் முதற் புள்ளிகளை ஈட்டினார். அவ்வணி வெள்ளிப் பதக்கம் பெற்றது. வேட் அம்மையார் ஒலிம்பிக் களம் கண்டவர் அல்லர். அவர் ஆடிய காலத்தில் மகளிர்க்கு அத்தகைய களமே இல்லை. ஆனால், அவர் பயிற்றிய பெண் அக்களத்தின் முதற் பந்தைக் கூடையில் இட்டார்.

1979-ஆம் ஆண்டில் வேட் அம்மையார் பயிற்சியாளர் பணியினின்று ஓய்வு பெற்றார். ஆறு பருவங்களில் அவர்தம் கல்லூரி அணி 157 ஆட்டங்களில் வென்று 23 ஆட்டங்களில் தோற்றிருந்தது. பள்ளி அணியின் வெற்றிகளையும் கூட்டினால் அவ்வூரின் இரு நிலையங்களில் மட்டும் அவர் பெற்ற வெற்றிகள் 610 ஆகும்.

நாடு செய்த சிறப்பு

வேட் அம்மையார் பணியில் இருக்கும்பொழுதே அவர்க்குப் பெருஞ்சிறப்பு ஒன்று வந்தது. நாட்டின் கல்லூரி மகளிருள் தலைசிறந்த கூடைப்பந்தாட்டக்காரிக்கு ஆண்டுதோறும் விருது அளிப்பது என்று முடிவு செய்யப்பட்டது. அவ்விருதுக்கு வேட் விருது என்று பெயரிட்டனர். 1978-ஆம் ஆண்டில் அதனை முதன்முதற் பெற்றவர் கரோல் பிளேஸ்ஜாவ்ஸ்கி என்பவர். அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் நான்சி லீபர்மன் பெற்றார். பின்னாளில் மாயா மூர் அதனை மும்முறை பெற்றார். இவர்கள் எல்லோரும் தம் கல்லூரிப் பருவம் முழுதும் தடையின்றி ஆடியவர்கள். தம் கடைசிப் பருவத்தை ஆடப் பெறாத ஒருவரின் பெயரை அவ்விருது தாங்கியுள்ளது என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். அப்பெயர், பிடுங்கப்பட்ட ஒரு பருவத்தை ஆண்டுதோறும் நினைவூட்டுகின்றது.

கூடைப்பந்து தோன்றிய ஸ்பிரிங்பீல்டில், அவ்விளையாட்டிற் சிறந்தோரைப் போற்றும் நெய்ஸ்மித் நினைவுப் புகழ் மன்றம் உள்ளது. 1985-ஆம் ஆண்டுவரை அம்மன்றத்தில் பெண் ஒருவர்க்கேனும் இடம் இருந்ததில்லை. அவ்வாண்டில் மூன்று பெண்மணிகள் ஒருங்கே சேர்க்கப்பட்டனர். மகளிர் கூடைப்பந்தைத் தொடங்கிய செண்டா பெரன்சன், ஓக்லகோமா மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் பயிற்சியாளராக இருந்த பெர்த்தா டீக், நம் மார்கரெட் வேட் ஆகியோரே அம்மூவர். 1992-ஆம் ஆண்டில் லூசியா ஹாரிசும் அம்மன்றத்தில் இடம் பெற்றார். ஆசிரியையும் மாணவியும் ஒரே மன்றத்தில் போற்றப்படுவது கல்விக்கே உரிய பெருமை அன்றோ!

வேட் அம்மையார் 1995-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 16-ஆம் நாள், தம் எண்பத்திரண்டாம் அகவையில், கிளீவ்லந்தில் இயற்கை எய்தினார். 1999-ஆம் ஆண்டில் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் மகளிர் கூடைப்பந்துக்கெனத் தனிப் புகழ் மன்றம் திறக்கப்பட்டபொழுது, அதில் முதலில் சேர்க்கப்பட்டோருள் அவரும் ஒருவர்.

நாம் அறியத்தக்கது

மாணவ மாணவியரே! வேட் அம்மையார் வரலாற்றைப் படித்து, பொறுத்தார் பூமி ஆள்வார் என்று மட்டும் சொல்லி அமைதல் போதாது. பொறுமை இருவகைப்படும். கைகட்டி வாளா இருக்கும் பொறுமை ஒன்று. கையால் இயன்றதைச் செய்துகொண்டே காத்திருக்கும் பொறுமை மற்றொன்று. முன்னையது சோம்பலின் மறுபெயர். பின்னையதே அம்மையாரின் பொறுமை. கல்லூரியிற் கதவு அடைபட்டபொழுது அவர் பள்ளியில் அணி அமைத்தார். கதவு திறந்த நாளில், அதனுட் புகுதற்கு ஆயத்தமான அறிவும் பயிற்சியும் அவரிடம் இருந்தன. நாற்பது ஆண்டுகள் வாளா இருந்திருப்பின், அழைப்பு வந்த அன்று அவரால் என்ன செய்திருக்க இயலும்?

மேலும் ஒன்று. அவர்க்குக் கிடைத்த புகழ் பெரிதே ஆயினும், 1932-ஆம் ஆண்டில் அவர் இழந்த பருவம் திரும்பி வரவில்லை. அவரோடு சீருடையை எரித்த தோழியர்க்கு அப்புகழும் கிடைக்கவில்லை. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில், ஆடும் ஆற்றல் இருந்தும் ஆடக் களம் இன்றி மறைந்த பெண்கள் எத்தனையோ பேர். பின்னர் வரும் நீதி, முன்னர் இழைத்த குறையை முற்றும் ஈடு செய்வதில்லை. ஆதலால், ஒருவரது நன்மையின்பொருட்டே அவரைத் தடுக்கின்றோம் என்று கூறும்பொழுது, அத்தடை உண்மையில் யாருக்கு நன்மை தருகின்றது என்று எண்ணிப் பார்த்தல் நம் கடமை. தடுக்கப்படுபவரின் கருத்தையும் கேட்டறிதல் வேண்டும்.

உங்கள் பள்ளியின் விளையாட்டுக் களத்தில் மாலை வேளையிற் பந்தோடு நிற்கும் பெண்கள் உண்டா என்று பாருங்கள். இருப்பின், அவர்க்கு இடம் விட்டு நில்லுங்கள். இல்லையெனின், ஏன் இல்லை என்று கேளுங்கள். அதுவே மார்கரெட் வேட் அம்மையார்க்கு நாம் செய்யும் வணக்கம் ஆகும்.